தூதர் சாப்பிட்டு முடிக்கட்டும்

1

"அடுப்ப அணைக்கா! சொல்றேன்ல, அணை!"

"என் வீட்டு அடுப்பு, என் கரி, என் கீரை. உனக்கு எங்க வலிக்குது?"

"எனக்கு வலிக்கல. என் வீட்டுக்காரருக்குத்தான் வலிக்கும். விமான மாமா வர்றது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மேலேருந்து உத்தரவு. நீ புளிச்சக்கீரைய வதக்கி ஊருக்கே தம்பட்டம் அடிக்கிற!"

"கீரை வதக்கினா ராஜத் துரோகமா?"

"மத்தவ வதக்கினா அது குழம்பு. நீ வதக்கினா துரோகம்தான்!"

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை. சன்னலைத் திறந்தேன், அதுவாக உள்ளே வந்தது. (சரியாக அந்த நேரம் பார்த்து ஏன் திறந்தாய் என்று கேட்பவர்கள் எங்கள் தெருவில் குடியிருந்ததில்லை.) தெரு நடுவில் நின்று கத்தியவள் கேதி, எங்கள் வட்டாரத் தலைவர் ஊ தௌங் பேயின் மனைவி. ஒரு கன்னத்தில் மட்டும் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தாள். மறு கன்னத்துக்கு அரைப்பதற்குள் கீரை வாசனை போய்ச் சேர்ந்துவிட்டது போலும். அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாகப் பதில் சொன்னவள் சேன் மியா, என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். பலகையில் கணு உதிர்ந்த ஓர் ஓட்டை உண்டு. கதையின் பெரும்பகுதி அந்த ஓட்டை வழியாக வந்தது. ஆகவே சில இடங்களில் இது வட்டமாக இருக்கும், ஓரங்கள் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமான மாமா என்பது நாங்கள் வைத்த பெயர். வெளியுலகம் அனுப்பிவைக்கும் நல்லிணக்கத் தூதர் அவர். சீருடைக்காரர்களையும் அவர்கள் சிறையில் போட்டவர்களையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பேசவைப்பது அவருடைய வேலை. வருவார், தளபதிகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார், பூட்டிய வீட்டில் இருப்பவர்களைப் பார்க்க அனுமதி கேட்பார், சில சமயம் பார்ப்பார், போய்விடுவார். அவர் வந்து போகிற வாரத்தில் மட்டும் சிறைக் கதவு கொஞ்சம் திறக்கும். விருந்தாளி வந்தால் பலகாரத் தட்டை நீட்டுகிற மாதிரி, சில கைதிகளை வெளியே நீட்டுவார்கள்.

அதனால் தூதர் கிளம்புகிறார் என்று வெளிநாட்டு ரேடியோ முணுமுணுத்ததும் சேன் மியா சந்தைக்குப் போய்விடுவாள். இறால், மூங்கில் குருத்து, காய்ந்த மிளகாய் போட்டு வதக்கிய புளிச்சக்கீரை. மகன் நே வூனுக்கு அது இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். "வர்றவன் பசியோடதானே வருவான்" என்பாள். ரங்கூன் அப்போது இன்னும் தலைநகராக இருந்தது. ஆனாலும் எங்கள் தெருவுக்குச் செய்தி நிலையம் அந்தக் கீரைச் சட்டிதான்.

நே வூன் வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் தெருதான் அதைத் தின்றது. நானும் தின்றிருக்கிறேன். உப்பு எப்போதும் சரியாக இருக்கும்.

2

சண்டையில் தொடங்குவது சரியா என்று எனக்கே சந்தேகம். வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

"இராணுவ ஆட்சியின் நீண்ட ஆண்டுகளில், நாடு தழுவிய நல்லிணக்கத்துக்கான பன்னாட்டு முயற்சிகள் தீவிரமடைந்திருந்த வேளையில், ரங்கூனின் கிழக்குப் பகுதியில்" [விட்டேன். இதைப் படிக்க ஆரம்பித்தால் தூதரே பாதியில் தூங்கிவிடுவார்.]

"ஒரு தாய் இருந்தாள்." [இதையும் விட்டேன். தாய் என்றதும் நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். சேன் மியாவுக்கு அது பிடிக்காது. சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுகிறவள் அவள்.]

"நே வூன் கெட்டிக்காரப் பையன், பெரியவர்களைக் கண்டால் குனிந்து போவான்," [பொய். ஒரு தடவை என் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப்போய் ஏரியில் விட்டான்.]

நே வூன் செய்த குற்றத்தை மட்டும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஒரு துணியின் ஒரு முனையைப் பிடித்தான்.* "உட்கார்ந்து பேசுங்கள்" என்று அதில் எழுதியிருந்தது. தூதர் அரசு விருந்தாளியாக வந்து நாற்காலியில் அமர்ந்து எதைக் கேட்கிறாரோ, அதையே இவன் சந்தைக்கு எதிரே வெயிலில் நின்று கேட்டான். அவருக்குக் கம்பளம் விரித்தார்கள். இவனை வடக்கே, ரயிலும் படகும் மாறிப் போகவேண்டிய ஒரு சிறைக்கு அனுப்பினார்கள்.

(* மறுமுனையைப் பிடித்தவன் ஸின் கோ. நன்றாக ஓடக்கூடியவன். பிறகு தேநீர்க்கடை வைத்தான். கதையின் கடைசியில் வருவான், நினைவில் வையுங்கள்.)

மழை ஓய்கிற சமயத்தில் சேன் மியா வடக்கே போனாள். கொண்டுபோன சாப்பாட்டை வாங்கிக்கொண்டார்கள், மகனைக் காட்டவில்லை. வாசலில் காத்திருந்த இன்னொரு கைதியின் தங்கை அவள் காதோரம் வந்து, "அத்தே, உங்க பையன் ரத்தமா துப்புறாராம். மருந்து கிடையாதாம்" என்றாள்.

அன்றிலிருந்து சேன் மியாவுக்கு ஒரே ஒரு வேலைதான். அந்தச் செய்தி தூதரின் காதில் விழவேண்டும். வெளியார் ஒருவர் பெயர் சொல்லி, "அந்தப் பையன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டால் போதும், அந்தப் பையனுக்கு மருந்து கிடைக்கும். சிலரை ரங்கூன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். இது தெருவுக்கெல்லாம் தெரிந்த கணக்கு. பெயர் சொல்லிக் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

3

கேதியை வில்லியாக்குவது என்று முடிவு செய்திருந்தேன். தலைவர் மனைவி, வாய் நீளம், ஒரு கன்னத்துத் தனாக்கா. எல்லாம் பொருந்தி வந்தது. ஆனால் அவள் ஒத்துழைக்கவில்லை.

தெருவில் சிலருக்கே தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த "உட்கார்ந்து பேசுங்கள்" துணி, ஒரு படுக்கை விரிப்பு. ஓரத்தில் நீலப் பூப் போட்டது. கேதி வீட்டுக் கொடியில் பல நாள் காய்ந்த விரிப்பு. எடுத்துக் கொடுத்தது கேதியின் மகள் யதனா. அவளுக்கு நே வூன் மேல் ஒரு இது. [இந்த "ஒரு இது" என்பதற்கு நல்ல சொல் தேடி ஒரு காலை முழுவதும் வீணாக்கினேன். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.]

விரிப்பு யாருடையது என்று நே வூனைக் கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள் என்பதை எழுதமாட்டேன். அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யதனாவும் வடக்கே போயிருப்பாள், ஊ தௌங் பே தலைவராக இருந்திருக்க முடியாது. விரிப்பு காணாமல்போன அன்றே கேதிக்குப் புரிந்துவிட்டது. கொடியில் வேறொரு விரிப்பைத் தொங்கவிட்டாள்.

ஆக, கேதி அந்தப் பையனுக்குக் கடன்பட்டவள். அதே பையனின் வாயை நினைத்துத் தூக்கம் கெட்டவளும் அவள்தான். இப்படிப்பட்ட ஒருத்தியை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது? சேன் மியாவுக்கு இது தெரியாது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

4

அடுப்புச் சண்டைக்கு மறுநாள் ஊ தௌங் பே வந்தார். நல்ல மனிதர் போல இருப்பார். குடையை மடக்கும்போதுகூட அதனிடம் மன்னிப்புக் கேட்பது போல மடக்குவார்.

"அக்கா, தூதர் ஒரு சாதாரணக் குடும்பத்த வீட்டுல போய்ப் பாக்கணும்ங்கிறாராம். அதுவும் கைதியோட குடும்பமா இருக்கணும்னு அடமாம். மேல உங்க வீட்டத்தான் சொல்லியிருக்காங்க."

"என் வீட்டையா? வெள்ளையே அடிக்கலையே தலைவரே!"

"நாங்க அடிச்சுத் தர்றோம்."

"முழுசாவா?"

"முன்பக்கம்."

"பின்பக்கம்?"

"அவரு பின்னால எல்லாம் போகமாட்டாரு அக்கா."

அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வந்தார். கேதி பக்கத்தில் உட்காருவாள். தலைவர் மனைவியும் கைதியின் தாயும் ஒரே பாயில் உட்கார்ந்து, சமாதானத்துக்கு எங்கள் வழக்கப்படி ஒரே தட்டில் ஊறவைத்த தேயிலை எடுத்துச் சாப்பிடவேண்டும். சிரிக்கவேண்டும். படம் எடுப்பார்கள். "அதுக்குப் பேரு தேசிய நல்லிணக்கம்" என்றார்.

"நேத்துதான் உங்க வீட்டம்மா என் அடுப்புல தண்ணி ஊத்த வந்தா."

"அதெல்லாம் படத்துல தெரியாதுக்கா."

ரங்கூனில் கைதிகளின் தாய்மாருக்கா பஞ்சம்? ஏன் சேன் மியா? காரணம் வட்டாரத்துக்கே தெரியும். தாட்சண்யம். கேதியோடு கத்துவாளே என்பீர்கள். அது நெருங்கியவர்களிடம் மட்டும். அந்நியர் என்றால், அதிலும் விருந்தாளி என்றால், அவர் மனம் கோணிவிடுமோ என்று தன் நாக்கைத் தானே விழுங்கிவிடுவாள். எங்கள் எல்லோருக்கும் இந்த நோய் உண்டு. இவளுக்கு முற்றிய நிலை. பல் வைத்தியர் ஒருமுறை வேறு பல்லைப் பிடுங்கிவிட்டார். சொன்னால் அவருக்கு வருத்தமாக இருக்குமே என்று நன்றி சொல்லிவிட்டு வந்து, வலிக்கிற பல்லைப் பிடுங்க வேறொரு வைத்தியரிடம் போனவள் இவள்.

இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று மேலே இருப்பவர்களுக்கு எப்படித் தெரிந்தது? யாரோ சொல்லியிருக்கவேண்டும். ஊ தௌங் பேக்கு அவ்வளவு யோசனை போதாது. கேதிதான் சொன்னாள் என்று தெரு பேசியது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எதற்காகச் சொன்னாள்? இவள் வாய் திறக்கமாட்டாள் என்றா? எப்படியாவது அக்காளைத் தூதரின் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்துவிடலாம் என்றா?

இந்த இடத்தில் கதை இரண்டாகப் பிரிகிறது. நான் இரண்டு காலையும் இரண்டு படகில் வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

5

ஒத்திகையைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மறுநாள் பகலில் கேதி பின்பக்கமாக, வெள்ளையடிக்காத பக்கமாக, சேன் மியா வீட்டுக்குள் நுழைந்தாள். கணவரின் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாயில் சம்மணம் போட்டாள். நான் ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

"நான்தான் விமான மாமா. கேக்குறேன். அம்மா, ஏதாவது சொல்லணுமா?"

"சாப்டீங்களா?"

"அக்கா!"

"வீட்டுக்கு வந்தவங்கள அதானே முதல்ல கேப்போம்?"

"சாப்டேன். வயிறு முட்டச் சாப்டேன். இப்பச் சொல்லு."

"இந்தப் பக்கம் உக்காருங்க, அங்க காத்து வராது."

கேதி தொப்பியைக் கழற்றி எறிந்தாள். "ஒரே ஒரு வரிக்கா. என் மகன் நே வூன், வடக்குச் சிறையில, ரத்தம் துப்புறான். சொல்லு பாப்போம்."

"என் மகன் நே வூன்."

"ம்."

"வடக்குச் சிறையில."

"ம்."

சேன் மியா கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "ரத்தம்னு சாப்பாட்டு நேரத்துல எப்படிடி சொல்றது? அந்த மனுசன் பாவம்" என்றாள்.

கேதி சிரித்துவிட்டாள். சேன் மியாவும் சிரித்தாள். நானும் இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தொப்பியை எடுத்து மறுபடி ஆரம்பித்தார்கள். மாலைக்குள் சேன் மியா அந்த வரியைத் தடங்கலில்லாமல் மூன்று விதமாகச் சொல்லக் கற்றுக்கொண்டாள்: நின்றுகொண்டு, உட்கார்ந்துகொண்டு, தட்டை நீட்டிக்கொண்டு.

(வாய் திறக்கமாட்டாள் என்பதற்காகக் கேதி அவள் பெயரைக் கொடுத்திருந்தால், இந்த ஒத்திகை எதற்கு? அல்லது, எவ்வளவு ஒத்திகை பார்த்தாலும் அக்காளால் முடியாது என்று நிச்சயப்படுத்திக்கொள்ளவா? இரண்டு படகும் விலகிக்கொண்டே போகின்றன, பாருங்கள்.)

6

தூதர் வந்தார். முதலில் புகைப்படக்காரர்கள், பிறகு ஓர் அதிகாரி, பிறகு ஊ தௌங் பே, பிறகு அவர். நெட்டையாக, கழுத்தெல்லாம் வியர்த்து, கண் சிவந்து. வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் தன் சப்பாத்தைக் கழற்றிவைத்தார். இடது காலுறையில் ஓர் ஓட்டை. பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

அந்த விரலை மட்டும் அவர் மறைத்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். சேன் மியா அதைப் பார்த்தாள். அவள் தோள் இறங்கியது. அதுவரை அவளுக்கு அவர் ஒரு காது, மகனின் பெயர் போய் விழவேண்டிய காது. இப்போது அவர் யாரோ பெற்ற பிள்ளை. வீட்டைவிட்டு எங்கெங்கோ அலைகிற, காலுறை தைத்துத்தர ஆளில்லாத பிள்ளை.

சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். கேதியும் சேன் மியாவும் ஒரே தட்டில் கைவைத்தார்கள். மறுநாள் பத்திரிகையில் வந்தது. இருவருக்கும் நல்ல பல்.

பிறகு தூதர் மெதுவாக ஏதோ சொன்னார். மொழிபெயர்த்த பெண் அதிகாரியிடம் திரும்பி, "குடும்பத்தோட கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்ங்கிறார்" என்றாள். அதிகாரி மறுப்பார் என்று நினைத்தேன். அவர் சேன் மியாவை ஒருமுறை பார்த்தார். புன்னகை செய்தார். "தாராளமா" என்று சொல்லி வெளியே போய்ச் சுருட்டுப் பற்றவைத்தார். ஊ தௌங் பேயும் குடையோடு பின்னாலேயே போனார்.

உள்ளே நாலே பேர். தூதர், மொழிபெயர்க்கும் பெண், கேதி, சேன் மியா.

"அம்மா, ஏதாவது சொல்லணுமான்னு கேக்குறாரு" என்றாள் அந்தப் பெண். அத்தோடு நிற்கவில்லை. குரலை இறக்கி, வேகமாக, "சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்கம்மா. நீங்க சொல்றத அப்படியே சொல்றேன். ஒண்ணும் மாத்தமாட்டேன்" என்றாள்.

அரசாங்கத்துப் பெண்! நான் பலகையோடு இன்னும் நெருங்கி ஒட்டிக்கொண்டேன்.

"என் மகன்" என்றாள் சேன் மியா.

தூதர் முன்னால் சாய்ந்தார். சாய்ந்தபோது அவர் வயிறு இரைந்தது. எனக்கே கேட்டது. அவர் கூச்சத்தோடு வயிற்றில் கையை வைத்தார்.

"என் மகன்" [இந்த வாக்கியத்தை நான் விடவில்லை. அவள்தான் விட்டாள்.]

"ஐயோ, பசியோட இருக்காரு" என்றாள் சேன் மியா. "காலைல இருந்து இவரை அலையவிட்டிருக்காங்க போல. முதல்ல சாப்பிடட்டும். சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்றேன்."

"அம்மா, நேரம் இல்ல."

"சாப்பிடறவங்ககிட்டப் போய் அந்தப் பேச்சப் பேசக் கூடாதும்மா. தொண்டையில இறங்குமா?"

சோறு போட்டாள். புளிச்சக்கீரை வைத்தாள். இறால்களைத் தேடித்தேடி அவர் பக்கம் ஒதுக்கினாள். தூதர் ஒரு வாய் எடுத்தார். பிறகு நிறுத்தவில்லை. அப்படி ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஓட்டல் அறைகளிலும் அரசு விருந்துகளிலும் எத்தனை காலம் பசியோடு இருந்தாரோ. இரண்டாம் முறை சோறு கேட்டார். சேன் மியாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! கையில் விசிறி. உதடுகள் மட்டும் அசைந்தன: என் மகன் நே வூன், வடக்குச் சிறையில. அவர் கடைசி வாயை விழுங்கியதும் சொல்ல அந்த வரியைத் தயாராக வைத்திருந்தாள்.

கேதியின் வாய் திறந்தது. நான் பார்த்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கதவுப் பக்கம் பார்த்தாள். சுருட்டுப் புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. "தேயிலை இன்னும் கொஞ்சம் எடுத்துக்குங்க" என்றாள்.

தூதர் விரல்களைக் கழுவும்போது கார் ஒலி கேட்டது. அதிகாரி உள்ளே வந்துவிட்டார். புகைப்படக்காரர்களும் வந்துவிட்டார்கள். சேன் மியா எழுந்து நின்றாள், உதட்டில் அந்த வரியோடு. தூதர் இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். "தன்னோட அம்மா கையால சாப்பிட்ட மாதிரி இருந்துச்சாம்" என்றாள் மொழிபெயர்த்த பெண்.

அதைக் கேட்டபின் சேன் மியா என்ன செய்வாள்? சட்டியில் மிச்சமிருந்த கீரையை, மகனுக்கென்று எடுத்துவைத்த பங்கையும் சேர்த்து, டிபன் கேரியரில் அடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"வழியில சாப்பிடச் சொல்லும்மா. தூரப் பயணம்."

அந்தக் கீரை விமானம் ஏறியது. ரேடியோவில் தூதர் பேசினார்: மக்களின் அன்பு நெகிழவைத்தது, நம்பிக்கை தரும் அறிகுறிகளைக் கண்டேன். கைதிகள் சிலரை விட்டார்கள். பெயர்களை வாசித்தார்கள். சேன் மியா கடைசிப் பெயர்வரை கேட்டுவிட்டு, "நல்லது, யாரோ பெத்த பிள்ளைங்க" என்று சொல்லி ரேடியோவை அணைத்தாள்.

டிபன் கேரியர் சில வாரங்களில் திரும்பி வந்தது. நன்றாகக் கழுவி, உள்ளே வெளிநாட்டு மிட்டாய் நிரப்பி. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு மிட்டாயைக்கூட அவள் யாருக்கும் தரவில்லை, எனக்கும்தான். அவன் வந்ததும் பிரிக்கவேண்டுமாம்.

7

இதற்குமேல் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் தூதருக்கு விமானத்தில் கேரியரைத் திறக்கும்போது உறைக்கிறது: அந்த அம்மா "என் மகன்" என்று தொடங்கினாளே? தந்தி பறக்கிறது. நே வூன் ரங்கூன் ஆஸ்பத்திரிக்கு வருகிறான், பிறகு வீட்டுக்கு வருகிறான், பாயில் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு கேட்கிறான். நன்றாகவே எழுதியிருந்தேன். ஆனால் எங்கள் தெருவில் ஒருவரும் இதை நம்பமாட்டார்கள். சேன் மியா மட்டும் நம்புவாள். அதனால்தான் கிழித்துப் போட்டேன்.

இரண்டாவதில் கேதி திறந்த வாயை மூடவில்லை. கத்துகிறாள்; பெயர், சிறை, ரத்தம், விரிப்பு, எல்லாவற்றையும். "அக்கா சொல்லமாட்டா, நான் சொல்றேன்," [எனக்கே ஆசையாக இருந்தது. கை வரவில்லை.]

மூன்றாவதை நான் எழுதவேண்டியிருக்கவில்லை. அது நடந்தது.

குளிர்காலம் தொடங்கும்போது ஊ தௌங் பே அவள் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார். குடையை மடக்கத் தெரியாதவர் போலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சேன் மியா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்: "சொல்லுங்க தலைவரே. சங்கடப்படாதீங்க."

வடக்கே அவளோடு போனவள் கேதி. வட்டாரத் தலைவரின் மனைவி ஓர் அரசியல் கைதியின் சாம்பலைப் பார்க்க ரயில் ஏறினாள். யாரும் அனுப்பவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை. அங்கே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. எந்த இடத்தில் எரித்தோம் என்று கையை நீட்டிக் காட்டினார்களாம். திரும்பி வந்து, ஏழாம் நாள் பிக்குகளுக்கு அன்னம் கொடுத்தார்கள். புளிச்சக்கீரையும் இருந்தது. வடித்த சோற்றைக் கேதி கிளறினாள், கீரையைச் சேன் மியா வதக்கினாள். உப்பு குறைவு கூடுதல் என்று அன்றும் ஒரு சண்டை. பிறகு சேன் மியா உள்ளே போய் மிட்டாய்களைக் கொண்டுவந்து தெருக் குழந்தைகளுக்குக் கொடுத்தாள். எறும்பு அரித்திருந்தது. குழந்தைகள் தட்டிவிட்டுத் தின்றன.

அன்று நான் ஓட்டையில் கண் வைக்கவில்லை. [வைத்தேன்.]

8

அப்புறம் யார் யார் என்ன ஆனார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

யதனாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஸின் கோ, துணியின் மறுமுனையைப் பிடித்து ஓடியவன். தேநீர்க்கடையை விற்றுவிட்டு இருவரும் பினாங்குக்குப் போய்விட்டார்கள். கல்யாணத்தன்று சேன் மியா ஒரு பொட்டலம் கொடுத்தாள். எல்லோர் முன்னாலும் பிரித்தார்கள். படுக்கை விரிப்பு. ஓரத்தில் நீலப் பூ. பழையது அல்ல, சந்தையில் தேடியலைந்து வாங்கிய புதுசு. ஆனால் அதே பூ.

"கொடியில ஒண்ணு குறையுதேன்னு எனக்கு எப்பவும் தோணும்" என்றாள் சேன் மியா. கேதி எழுந்து அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பந்தி முடிகிறவரை வெளியே வரவில்லை.

ஊ தௌங் பேயின் பதவி போனது; பின்பக்கத்துக்கும் வெள்ளையடிக்கிற ஒரு தலைவர் வந்தார். கேதியும் அவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள புதுக் குடியிருப்புக்கு மாறினார்கள். தூதரும் மாறிவிட்டார். மொழிபெயர்த்த பெண் வெளிநாட்டில் யாரையோ மணந்துகொண்டாள் என்று கேள்வி, உறுதியில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சாமான் ஏற்றுகிற அன்று கேதியை வழிமறித்துக் கேட்டேவிட்டேன். "உண்மையச் சொல்லு கேதி. அக்கா பேர மேல கொடுத்தது நீதானே? எதுக்குக் கொடுத்த? பேசட்டும்னா, பேசமாட்டாள்னா?"

கேதி என்னைப் பார்த்தாள். இரண்டு கன்னத்திலும் தனாக்கா, சரியாகப் பூசியிருந்தாள். வாய் திறந்தது. அன்று பலகை ஓட்டை வழியாகப் பார்த்த அதே வாய்.

"நீ சாப்டியா?" என்றாள். வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஆகவே அந்த விடை என்னிடம் இல்லை. நீங்கள் எந்தப் படகில் ஏறினாலும் எனக்குச் சம்மதம்.

நேற்று ரேடியோ முணுமுணுத்தது: புதிய தூதர் கிளம்பிவிட்டாராம், நல்லிணக்கத்துக்காக. இன்று காலை சேன் மியா கூடையோடு வெளியே போனதைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. என்னாலேயே கேட்கமுடியவில்லை என்றால் பாருங்கள். இப்போது திரும்பி வந்துவிட்டாள். பலகைக்கு அந்தப் பக்கம் கரியை விசிறுகிற சத்தம் கேட்கிறது. வெறும் சோறாகவும் இருக்கலாம்.

சன்னலைத் திறந்துவைத்திருக்கிறேன்.